தம்பிக்குப் போன தடுமன்

எனக்கு அறுபது தாண்டிவிட்டது. இன்றைக்கும் என் தம்பி இருமினால் எனக்கு முதலில் வருவது இரக்கம் இல்லை, எரிச்சல். அவன் பேரப்பிள்ளை எடுத்த ஆள். போனில் பேசும்போது இரண்டு தரம் தொண்டையைச் செருமுவான். 'ஆரம்பிச்சுட்டான்' என்று உடனே என் மனசு முணுமுணுக்கும். முப்பது வருஷம் தோட்டத்து மருத்துவிச்சியாக இருந்து, கைக்குழந்தைகளின் நெஞ்சில் காதை வைத்துக் கேட்டவள் நான். பிறத்தியார் பிள்ளைக்கு மூச்சு வாங்குகிறது என்றால் மழையென்றும் பார்க்காமல் ஓடியிருக்கிறேன். இவனிடம் மட்டும் இந்த வஞ்சகம். நல்ல அக்கா வேஷம் போட இனி எனக்குத் தெம்பில்லை, அதனால் உள்ளதைச் சொல்லிவிடுகிறேன்.

மடுல்சீமைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டம் ஒன்றில், ஒற்றை அறைகள் வரிசையாக ஒட்டிக் கிடக்கும் லயத்தில் நாங்கள் இருந்தோம். வரிசையில் ஐந்தாவது காம்பரா எங்களுடையது. அம்மா கொழுந்து எடுத்தாள், அப்பா கவ்வாத்து வெட்டினார். எனக்கும் தம்பிக்கும் எட்டு வருஷ இடைவெளி. நடுவில் இரண்டு பிள்ளைகள் பிறந்து தங்கவில்லை. அதனால் அந்த எட்டு வருஷமும் அம்மா முழுசாக எனக்குத்தான். மலையிலிருந்து திரும்பியதும் மழைக்குத் தலையில் போட்டிருந்த கருப்புக் கம்பளியை அடுப்படியில் விரித்துக் காய வைப்பாள். அது பாதி காய்ந்ததும் இருவரும் அதற்குள்ளே புகுந்துகொண்டு தேத்தண்ணி குடிப்போம். அவள் கையில் கொழுந்துக் கறை இருக்கும். அந்தக் கையால் என் காதை நிமிண்டிக்கொண்டே அன்றைக்கு மலையில் யார் யாரோடு சண்டை போட்டார்கள் என்று சொல்லுவாள். எனக்கு வேறெதுவும் வேண்டியிருக்கவில்லை.

அறுபதுகளின் கடைசியில் ஓர் ஆவணியில் அவன் பிறந்தான். லயமே எங்கள் வாசலில் கூடிவிட்டது. ஆம்பளப் புள்ள, ஆம்பளப் புள்ள என்று ஆளாளுக்குச் சொன்னார்கள். அப்பா கற்கண்டு வாங்கிவந்து எல்லோருக்கும் கொடுத்தார். எனக்கு வந்து சேர்ந்தபோது தட்டில் தூள்தான் மிச்சம். துணிக்குள் சிவப்பாகச் சுருண்டு கிடந்த அவனைப் பார்த்த நிமிஷமே எனக்குப் பிடிக்கவில்லை. கம்பளிக்குள் இரண்டு பேருக்குத்தான் இடம். அதற்குமேல் ஒருத்தர் வந்தால் வெளியே போக வேண்டியது யார் என்று எனக்கு யாரும் சொல்லித்தர வேண்டியிருக்கவில்லை.

அவனுக்கு ஒரு மாதம் ஆனதும் அம்மா மறுபடி வேலைக்குப் போனாள். தோட்டத்தில் எல்லாத் தாய்மாரும் செய்வதைப் போல, காலையில் ஆள்கணக்கு எடுக்கும் பெரட்டுக்குப் போகும் வழியில் பிள்ளைக் காம்பராவில் அவனை விட்டுவிட்டு, பத்து மணிக்கு மலையிலிருந்து இறங்கிவந்து பால் கொடுத்துவிட்டுப் போவாள். பிள்ளைக் காம்பராவைப் பார்த்துக்கொண்டவளை நாங்கள் ஆயாம்மா என்போம். அவளுக்குப் பிள்ளை இல்லை. வட்ட முகம், எந்நேரமும் ஈரமாகவே இருக்கும் முந்தானை. நானும் அங்கே வளர்ந்தவள்தான். பள்ளிக்கூடம் விட்டதும் நேரே அங்கேதான் ஓடுவேன். ஆயாம்மா எனக்குத் தலைவாரிவிட்டு, மிச்சமிருக்கும் ரொட்டியில் பாதியைப் பிய்த்துக் கொடுப்பாள். அம்மா வரும்வரை அவள் மடி என்னுடையது. இவன் வந்த பிறகு அந்த மடியிலும் இவனே கிடந்தான். ரொட்டி கிடைத்தது. ஆனால் "நீயே எடுத்துக்க புள்ள, கையில புள்ள இருக்கான்ல" என்றாள்.

இரண்டு மடியும் ஒரே ஆளுக்குப் போனால் வயிறு எரியாதா? எனக்கு எரிந்தது. அப்போதுதான் ஒரு தந்திரம் கண்டுபிடித்தேன். அம்மாவின் கண் எப்போதும் அவன்மேலேயே இருக்கும். ஆகவே நான் அவனை ஒட்டிக்கொண்டு இருந்தால் அந்தக் கண் என்மேலும் கொஞ்சம் படும். அவனைத் தூக்கிக் கொஞ்சினேன். மூக்கோடு மூக்கை உரசினேன். கண்ணிலும் கன்னத்திலும் முகத்தை வைத்துத் தேய்த்தேன். அம்மா அடுத்த காம்பராக்காரியைக் கூப்பிட்டு, "அக்காளுக்கு தம்பி மேல எம்புட்டு பாசம் பாருங்க" என்றாள். அந்த ஒரு வார்த்தைக்காக ஒரு நாளைக்குப் பத்துத் தரம் அவனைக் கொஞ்சினேன். பாசமாவது மண்ணாவது.

தீபாவளி முடிந்து ஐப்பசி மழை பிடித்துக்கொண்டது. எங்கள் பள்ளிக்கூடம் ஒரே கூடம், ஐந்து வகுப்பு, ஒரு வாத்தியார். மழைக்காலத்தில் அங்கே மூக்கொழுகாத பிள்ளையைத் தேட வேண்டும். சிலேட்டை எச்சில் தொட்டு அழிப்போம், அதே கையால் மூக்கைத் துடைப்போம், குச்சி உடைந்தால் பக்கத்துப் பிள்ளையிடம் வாங்குவோம். எனக்கும் தடுமன் வந்தது. இரண்டு நாள் மூக்கொழுகியது, ஒரு நாள் தலை வலித்தது, கொஞ்சம் இருமல். அதை நோய் என்று யாரும் எண்ணவில்லை, நானும் எண்ணவில்லை. சட்டைக் கையால் மூக்கைத் துடைத்துவிட்டு வழக்கம்போல் வீட்டுக்கு வந்து தம்பியைக் கொஞ்சினேன்.

அந்தத் தடுமனுக்கு ஒரு கிருமி உண்டு. அதன் முழுப்பெயர் நீளமானது, சுருக்கமாக ஆர்.எஸ்.வி. என்பார்கள். இரண்டு வயதுக்குள் அநேகமாக எல்லாப் பிள்ளைகளையும் ஒரு தரமாவது தொட்டுவிடும் என்றும், சளியோடு வெளியே வந்தால் மேசையிலும் சிலேட்டிலும் சில மணி நேரம் உயிரோடு கிடக்கும் என்றும், கையில் அரை மணி நேரம் தாக்குப்பிடித்தாலே அதற்குப் போதும் என்றும் பிற்பாடு படித்தேன். அது வாய் வழியாக அதிகம் போவதில்லை. மூக்கும் கண்ணும்தான் அதற்கு வாசல். நான் முகத்தை வைத்துத் தேய்த்த இடங்கள் அவை இரண்டும்தான்.

அது உள்ளே போனதும் எதுவும் தெரியாது. நாலைந்து நாள் சத்தமில்லாமல் பெருகும். அந்த நாலைந்து நாளும் அம்மா என்னை மெச்சிக்கொண்டிருந்தாள்.

முதலில் அவனுக்கு மூக்கு ஒழுகியது. அம்மா துளசியை வாட்டிச் சாறு பிழிந்து ஒரு சொட்டு நாக்கில் வைத்தாள். மூன்றாம் நாள் காலை பத்து மணிக்குப் பால் கொடுக்க வந்தபோது அவன் இரண்டு தரம் சப்பிவிட்டு வாயை எடுத்துக்கொண்டான். மறுபடி சப்பினான், மறுபடி எடுத்துக்கொண்டான். பால் குடித்தால் மூச்சு விட முடியவில்லை, மூச்சு விட்டால் பால் குடிக்க முடியவில்லை. அன்று அம்மா மலைக்குத் திரும்பிப் போகவில்லை. அவனைத் துணியில் சுற்றி வீட்டுக்குக் கொண்டுவந்துவிட்டாள். சட்டையைத் தூக்கிப் பார்த்தபோது ஒவ்வொரு மூச்சுக்கும் விலா எலும்புகளுக்கு நடுவே சதை உள்ளே போய் வந்தது. நெஞ்சுக்குள்ளிருந்து மெல்லிசாக ஒரு விசில் கேட்டது.

எனக்கு என்ன தோன்றியது என்று கேளுங்கள். அம்மா வேலைக்குப் போகவில்லை என்பதுதான் தோன்றியது. எனக்கு அம்மை போட்டபோதுகூட அவள் இரண்டாம் நாளே மலைக்குப் போய்விட்டாள். இவன் இரண்டு தரம் பால் குடிக்காததற்கு வேலையை விட்டுவிட்டு மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாள். எனக்கு ஆத்திரமாக வந்தது. எனக்கும் இருமல் இருந்தது. மூலையில் உட்கார்ந்து வேண்டுமென்றே பலமாக இருமிக் காட்டினேன்.

"சும்மா இரு சனியனே, இப்பத்தான் கண்ணசந்தான்" என்றாள் அம்மா. தலையைத் தூக்கிக்கூடப் பார்க்கவில்லை.

மறுநாள் அவன் இன்னும் வாடிப்போனான். தேங்காய் எண்ணெயில் கற்பூரத்தைக் காய்ச்சி நெஞ்சில் தடவினாள். ஓமத்தை வறுத்துத் துணியில் கட்டி ஒத்தடம் கொடுத்தாள். ஒன்றும் கேட்கவில்லை. அப்போதுதான் அம்மாவுக்கு அது கண்ணூறாக இருக்குமென்று பட்டது. முந்தின வாரம் ஆயாம்மா இவனைத் தூக்கி வைத்துக்கொண்டு, "ராசா மாதிரி இருக்கான்டி, கண்ணுலயே நிக்கிறான்" என்று சொல்லியிருந்தாள். பிள்ளை இல்லாதவள் வாயில் அந்த வார்த்தை வந்துவிட்டது. அதற்குமேல் எங்கள் லயத்தில் யாருக்கும் சாட்சி தேவைப்படாது.

எங்கள் பக்கத்தில் கண்ணூறு கழிக்க ஒரு முறை உண்டு. யார் கண் பட்டதென்று சந்தேகமோ அவர் காலடி மண்ணை அவருக்குத் தெரியாமல் ஒரு சிட்டிகை எடுத்துவர வேண்டும். அதோடு செத்தல் மிளகாய், உப்பு, கடுகு சேர்த்துப் பிள்ளையின் தலையை மூன்று தரம் சுற்றி நெருப்பில் போட வேண்டும். மிளகாய் நெடி ஏறினால் கண்ணூறு இல்லை. நெடி வராவிட்டால் பொல்லாத கண் பட்டிருக்கிறது, மண்ணுக்குச் சொந்தக்காரரின் கண்தான் பட்டிருக்கிறது என்று அர்த்தம். அம்மா மண்ணெடுக்க என்னை அனுப்பினாள்.

"ஆயா நடந்து போன எடத்துல ஒரு சிட்டிகை எடு. யாருகிட்டயும் பேசாத. திரும்பிப் பாக்காம வா."

மழை விட்டிருந்தது. பிள்ளைக் காம்பராவின் முன்னால் சேற்றில் ஆயாம்மாவின் காலடிகள் அச்சு அசலாகக் கிடந்தன. குனியப் போனேன். அவள் வாசலுக்கு வந்துவிட்டாள்.

"தம்பி எப்புடி இருக்கான் புள்ள? பால் குடிச்சானா?" என்று கேட்டாள். அழுதிருக்கிறாள், முகம் வீங்கியிருந்தது. அம்மா பேசாதே என்று சொல்லியிருந்ததால் பதில் சொல்லாமல் நின்றேன். அவள் உள்ளே போய்ப் பாதி ரொட்டி கொண்டுவந்து என் கையில் வைத்துவிட்டுப் போனாள்.

அப்போது எனக்குள் ஒரு பயம் வந்தது. ஆயாம்மாவுக்குக் கண்ணூறு போடத் தெரியாது. அவனைப் பார்த்து வயிறெரிந்த கண் எது என்று எனக்குத் தெரியும். மூன்று மாதமாக அவன் இல்லாமல் போனால் நல்லது என்று நினைத்துக்கொண்டிருந்த ஆள் அந்தத் தோட்டத்தில் நான் ஒருத்திதான். தப்பான ஆளின் மண்ணைச் சுற்றினால் கண் கழியாது, அவன் செத்துப்போவான். நான் நினைத்தது அப்படியே நடந்துவிடும். வாயில் ரொட்டியோடு அங்கேயே நின்றேன். பிறகு பாதையில் நாலடி நடந்து, திரும்பி, என் இடது கால் பதிந்த இடத்திலிருந்து ஒரு சிட்டிகை மண்ணை எடுத்துத் தேயிலை இலையில் மடித்துக்கொண்டு வீட்டுக்கு வந்தேன்.

அம்மா அவனைச் சுற்றி முடித்து எல்லாவற்றையும் அடுப்பில் போட்டாள். மூன்று பேரும் மூச்சை இழுத்துப் பார்த்தோம். நெடி இல்லை.

"பாத்தீங்களா? அவளேதான்" என்றாள் அம்மா அப்பாவிடம்.

அடுப்பில் வெந்தது என் மண். நெடி இல்லையென்றால் கண் என்னுடையது. வாயைத் திறந்து சொல்லியிருக்கலாம். சொல்லியிருந்தால் அம்மா என்னை ஜென்மத்துக்கும் மன்னிக்கமாட்டாள். அவளிடம் எனக்கு மிச்சமிருந்த கொஞ்ச இடமும் போய்விடும். வாயை மூடிக்கொண்டேன்.

அன்று ஏன் நெடி வரவில்லை என்று இப்போது என்னால் சொல்ல முடியும். அந்தக் கிருமி பெரியவர்களையும் விடாது. அம்மாவுக்கும் அப்பாவுக்கும் அது வெறும் மூக்கடைப்பு. அந்த அறையில் ஒழுங்காக மணம் பிடிக்கும் மூக்கு ஒன்றுகூட இல்லை. மிளகாய்ப் புகைக்கு எங்களுக்கு இருமல் வந்தது உண்மைதான். ஆனால் நாங்கள் ஏற்கெனவே இருமிக்கொண்டுதான் இருந்தோம், யாருக்கு வித்தியாசம் தெரியும்?

நெடி எங்களுக்குத் தெரியவில்லை, புகை பிள்ளைக்கு ஏறியது. அவன் இருமி, இருமி, பிறகு இருமவும் முடியாமல் போனான். உதடு நீலம் பாய்ந்தது. அப்பா அவனைத் தூக்கிக்கொண்டு டிஸ்பென்சரிக்கு ஓடினார், அம்மா பின்னால் ஓடினாள். மருந்தையா சட்டையை விலக்கி ஒரே ஒரு தரம் பார்த்தார். "இத நான் வச்சிருக்க முடியாதும்மா, உடனே பதுளைக்குக் கொண்டு போங்க" என்றார். தொழிற்சாலையில் தேயிலை ஏற்றிக்கொண்டிருந்த லொறியைப் பிடித்தார்கள். அம்மாவும் அவனும் முன்சீட்டில் ஏறினார்கள். நான் பிறந்ததிலிருந்து லொறியின் முன்சீட்டில் ஏற ஆசைப்பட்டுக்கொண்டிருந்தேன். சாகக் கிடக்கிற தம்பியைப் பார்த்து, முன்சீட்டுக்காகவும் பொறாமைப்பட்டேன். எட்டு வயதில் மனசுக்குள் எத்தனை அறை இருக்கிறதென்று யாருக்குத் தெரியும்? ஓர் அறையில் அவன் பிழைக்க வேண்டுமென்று மாரியாத்தாளைக் கும்பிட்டேன். பக்கத்து அறையில் முன்சீட்டுக்காக அழுதேன்.

நாலு நாள் பதுளை ஆஸ்பத்திரியில் அவனுக்கு ஒக்சிஜன் கொடுத்தார்கள். அந்த நாலு நாளும் எனக்குச் சோறு போட்டது ஆயாம்மா. அப்பா வேலைக்குப் போய்விட, நான் அவளோடுதான் இருந்தேன். அவளுக்கு இன்னும் எதுவும் தெரியாது. எண்ணெய் தேய்த்துத் தலைவாரினாள், பிள்ளைகள் தூங்கும் நேரத்தில் என்னை மடியில் சாய்த்துக்கொண்டாள். "ஒந் தம்பி பொழச்சு வரட்டும், முருகனுக்கு முடி எறக்குறேன்னு வேண்டியிருக்கேன்" என்றாள். வெட்கமில்லாமல் சொல்கிறேன், அந்த நாலு நாளும் நான் சந்தோஷமாக இருந்தேன். மடி காலியாக இருந்தது, அதில் நான் இருந்தேன்.

அவன் பிழைத்து வந்தான். அம்மா லொறியை விட்டு இறங்கியதும் எதிரே ஓடிவந்த ஆயாம்மாவிடம், "தொடாத அக்கா. ஒங் கண்ணு பட்டு புள்ள செத்துப் பொழச்சிருக்கு" என்று எல்லோர் முன்னாலும் சொன்னாள். நீட்டிய கைகளை ஆயாம்மா என்ன செய்வதென்று தெரியாமல் அப்படியே வைத்துக்கொண்டிருந்தாள். அதற்குப் பிறகு அம்மா ஏழெட்டு வீட்டில் சொன்னாள், அந்த வீடுகள் மற்ற வீடுகளுக்குச் சொன்னன. ஒரு மாதத்துக்குள் தாய்மார் எல்லோரும் பிள்ளைகளை அவளிடம் விட மறுத்தார்கள். தோட்டத்தில் அவளைப் பிள்ளைக் காம்பராவிலிருந்து எடுத்துப் புல்வெட்டுக்கு அனுப்பிவிட்டார்கள்.

நான் ஏன் அப்போதும் சொல்லவில்லை? பயம் என்று சொன்னால் பாதிப் பொய். இனி அவள் தம்பியைத் தூக்கமாட்டாள் என்பது எனக்குப் பிடித்திருந்தது. ஒரு மடியாவது அவனுக்கு இல்லாமல் போனதே என்று ஒரு திருப்தி. அந்த மடி எனக்கும் சேர்த்துத்தான் போய்விட்டது என்று புரிய ஒரு வாரம் பிடித்தது. அவளோடு பேசக்கூடாதென்று அம்மா எனக்கும் கட்டளை போட்டுவிட்டாள்.

சில வருஷம் கழித்து, தோட்டத்து ஆட்களைத் திருப்பி அனுப்பும் ஒப்பந்தப்படி ஆயாம்மாவுக்கும் அவள் புருஷனுக்கும் இந்தியாவுக்குப் போகப் பத்திரம் வந்தது. பயணம் போகிறவர்கள் லயம் லயமாகச் சென்று சொல்லிக்கொண்டு போவார்கள். எங்கள் வாசலுக்கு அவள் வரவில்லை. பீலிக்கரையில் தண்ணீர் பிடித்துக்கொண்டிருந்த என்னிடம் வந்து நின்றாள். "தம்பிக்கி இப்ப இழுப்பு வாரதில்லயே?" என்று கேட்டாள். இல்லை என்று தலையாட்டினேன். "நல்லாப் பாத்துக்க" என்றாள். வாளி நிரம்பி வழிந்துகொண்டிருந்தது. நான் அதையே பார்த்துக்கொண்டிருந்தேன், அவள் போய்விட்டாள்.

தோட்டங்களை அரசாங்கம் எடுத்த பிறகு, படித்த தோட்டத்துப் பெண்களை மருத்துவிச்சி வேலைக்கு எடுத்தார்கள். எண்பதுகளின் தொடக்கத்தில் நான் பதுளையில் பயிற்சியில் இருந்தேன். ஒரு நாள் டொக்டர் அம்மா ஒருவர் கரும்பலகையில் நெஞ்சுக்குள் இருக்கும் மூச்சுக் குழாய்களை வரைந்தார். பெரிய குழாய் பிரிந்து பிரிந்து, கடைசியில் நூல் மாதிரி ஆகிறது. பெரிய பிள்ளைக்கு இந்தக் கிருமி மூக்கோடும் தொண்டையோடும் நின்றுவிடும், கைக்குழந்தைக்குக் கீழே அந்த நூல் வரை இறங்கும் என்றார். குழாயின் உள்சுவரில் சளியை மேலே தள்ளிவிடும் மெல்லிய மயிர்கள் உண்டு. கிருமி முதலில் அவற்றைத் தாங்கும் உயிரணுக்களைக் கெடுக்கிறது. நோய் கண்ட உயிரணு பக்கத்தில் இருப்பதோடு ஒட்டி, நடுச்சுவர் போய், பல சேர்ந்து ஒரே கட்டியாகிவிடுகின்றன. எனக்கு எங்கள் லயத்தின் நடுச்சுவர்களை எல்லாம் யாரோ இடித்துவிட்டது போல் மனசில் பட்டது. செத்த உயிரணுக்களும் சளியும் சேர்ந்து குழாயை அடைக்கின்றன. மூச்சை இழுக்கும்போது குழாய் கொஞ்சம் விரிவதால் காற்று உள்ளே போய்விடும். விடும்போது குழாய் சுருங்குவதால் போன காற்று திரும்ப வராது. அதுதான் அந்த விசில். அதனால்தான் நெஞ்சு ஊதிப்போய் விலா உள்ளே இழுக்கிறது.

நான் எழுந்து கேட்டேன். "கைப்பிள்ளை வெளியே போகாதே டொக்டர், அதுக்கு எப்படி வரும்?"

"வீட்டில ஸ்கூலுக்குப் போற பிள்ளை இருந்தால் அதுதான் கொண்டுவந்து கொடுக்கும். அதுக்குச் சும்மா தடுமன். அது வந்து கொஞ்சும். அவ்வளவுதான்."

வகுப்பில் எல்லோரும் எழுதிக்கொண்டிருந்தார்கள். என் கை எழுதவில்லை. இத்தனை வருஷமாக என் கண் என்று நினைத்துப் புழுங்கிக்கொண்டிருந்தேன். கண் பாவம், ஒன்றும் செய்யவில்லை. அம்மா மெச்ச வேண்டுமென்று கொஞ்சினேனே, அந்தக் கொஞ்சல்தான் செய்தது. ஒரு தரம் வந்தால் இனி வராது என்கிற ஜாதி இல்லை இது, வாழ்நாள் முழுக்கத் திரும்பத் திரும்ப வரும் என்றும் டொக்டர் சொன்னார். அதுவாவது எனக்குத் தெரிந்த சங்கதியாக இருந்தது. பொறாமையும் அந்த ஜாதிதான்.

அந்த வாரக் கடைசியில் பஸ் பிடித்து வீட்டுக்குப் போனேன். தம்பிக்கு அப்போது பதின்மூன்று வயது. உயரமாக வளர்ந்து, பந்தடிக்கப் போயிருந்தான். அவனுக்கென்று ஒரு கோழி முட்டை தனியாக ஒரு சட்டியில் வெந்துகொண்டிருந்தது. அவனுக்கு நெஞ்சு பலவீனம் என்று இன்னும் தினம் ஒரு முட்டை. அம்மா அடுப்பின் முன்னால் உட்கார்ந்திருந்தாள். நான் எதிரில் உட்கார்ந்து எல்லாவற்றையும் சொன்னேன். கிருமியைச் சொன்னேன். ஆயாம்மா கண் இல்லை, என் தடுமன் என்றேன். அன்று அடுப்பில் போட்டது ஆயாம்மா மண் இல்லை, என் காலடி மண் என்றேன். அவன்மேல் எனக்கிருந்த பொறாமையையும் சொன்னேன். அம்மா என்னை அடிக்கட்டும், திட்டட்டும், தலைமுடியைப் பிடித்து உலுக்கட்டும் என்று காத்திருந்தேன். எதுவானாலும் என்னைப் பார்த்துச் செய்வாள் அல்லவா, எனக்கு அது போதும்.

அவள் அகப்பையால் சட்டியில் இருந்த முட்டையைப் புரட்டிவிட்டாள்.

"ஏழெட்டு வீட்டுல போயி சொன்னேனே. பாவி மகளுக்கு நாக்குல பல்லு" என்று தன்னைத்தானே திட்டிக்கொண்டாள். கண்ணைத் துடைத்தாள். பிறகு யோசனையாக, "எனக்குத்தான் அன்னைக்கு மூக்கடைப்பு. ஒனக்கு எங்க புள்ள தடுமன் வந்துச்சு? நீ நல்லாத்தான இருந்த" என்றாள்.

அவள் பொய் சொல்லவில்லை. அவளுக்கு நிஜமாகவே தெரியாது. ஒரு வாரம் அந்த ஒற்றை அறையில் அவள் எதிரே மூக்கொழுகி, தலை வலித்து, வேண்டுமென்றே இருமியும் காட்டியிருக்கிறேன். அவள் கண்ணில் நான் படவே இல்லை. பதின்மூன்று வருஷம் நான் சுமந்த குற்றம், அவளுக்கு நடந்ததாகவே நினைவில்லை. நான் முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டேன். அழுகையில் மூக்கு அடைத்து, இரண்டு தரம் உறிஞ்சினேன்.

அம்மா சட்டென்று திரும்பினாள். அன்றைக்கு முதல் தடவையாக என் முகத்தைக் கூர்ந்து பார்த்தாள். கையில் இருந்த அகப்பையைக் கீழே வைத்தாள்.

"அந்தக் கிருமி திரும்பத் திரும்ப வரும்னு சொன்னியே," என்றாள். "ஒனக்கு இப்ப தடுமனா?"

"இல்லம்மா."

"மூக்க உறிஞ்சுறியே" என்று சொல்லிக்கொண்டே வாசலை எட்டிப் பார்த்தாள். "எதுக்கும் நீ அந்த மூலையில போய் உக்காந்துக்க. தம்பி வர்ற நேரம்."